சிசர் லிஃப்டில் மின் கோளாறுக் குறிகள்: எண்ணைப் படிப்பது முதல் பழுதைக் கண்டறிவது வரை

கத்தரிக்கோல் போல விரியும் கைகளால் மேடையை உயர்த்தும் இயந்திரமான சிசர் லிஃப்டின் திரையில் 54 என்ற எண் தோன்றுகிறது. மேடை மேலே ஏற மறுக்கிறது. கையேட்டில் அந்த எண்ணுக்கு நேரே ‘ஏற்றும் வால்வின் காயில் கோளாறு’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்ததும் வால்வை இயக்கும் மின்காந்தச் சுருளான காயிலைப் புதிதாக வாங்கி மாட்டுகிறார்கள். இயந்திரம் இரண்டு நாள் நன்றாக ஓடுகிறது. மூன்றாம் நாள் அதே 54 திரும்பி வருகிறது. காயிலைக் கழற்றி மாட்டியபோது கனெக்டரின் பின் சற்றே இறுகியதால்தான் அந்த இரண்டு நாள் ஓட்டம் கிடைத்தது என்பது பிறகுதான் தெரியவரும். வீணான பணத்தைக் காட்டிலும் எனக்கு வருத்தம் தருவது, மனிதர்கள் ஏறி நின்று வேலை செய்யும் ஓர் இயந்திரம் பழுது தீராமலேயே வேலைக்குத் திரும்பிவிடுகிறது என்பதே.

கோளாறுக் குறி ஒரு மின்சுற்றின் பெயரைத்தான் சொல்கிறது. இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கணினியான கன்ட்ரோலர் ஒரு காயிலுக்கு மின்சாரம் அனுப்பும்போது, எதிர்பார்த்த அளவு மின்னோட்டம் ஓடுகிறதா, வெளியீட்டு முனையில் இருக்கவேண்டிய வோல்ட் இருக்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்கிறது. மின்னோட்டம் ஓடாவிட்டால் சுற்று அறுந்திருக்கிறது என்றும், அளவுக்கு மீறி ஓடினால் ஷார்ட் ஆகியிருக்கிறது என்றும் முடிவுசெய்து, அந்தச் சுற்றுக்குரிய எண்ணைத் திரையில் காட்டுகிறது. அறுந்தது காயிலின் உட்கம்பியா, இடையிலுள்ள வயரா, கனெக்டர் பின்னா, நெகட்டிவ் திரும்பி வரும் வழியா என்பதை அதனால் பிரித்தறிய இயலாது. அந்தப் பிரித்தறியும் வேலையைப் படிப்படியாகச் செய்வது எப்படி என்பதே இந்த வழிகாட்டி.

இங்கே நான் மனத்தில் வைத்திருப்பது, கிடங்குகளிலும் கட்டட உள்வேலைகளிலும் மிகுதியாகக் காணப்படும் 24 வோல்ட் பேட்டரி சிசர் லிஃப்ட். ஜீனி நிறுவனத்தின் ஜிஎஸ்-1930 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: மேடை 19 அடி உயரம் செல்லும், அகலம் 30 அங்குலம், தொடராக இணைத்த நான்கு 6 வோல்ட் பேட்டரிகள். ஜேஎல்ஜி நிறுவனத்தின் ஈஎஸ் வரிசையும் இதே அடிப்படையில் இயங்குவதுதான். கீழே தரும் எண்கள் பழைய தலைமுறை இயந்திரங்களில் பரவலாகக் காணப்படுபவை. ஒரே மாடலிலேயே வரிசை எண் மாறும்போது கன்ட்ரோலரும் குறிப்பட்டியலும் மாறக்கூடும் என்பதால், இயந்திரத்தின் தகட்டிலுள்ள வரிசை எண்ணைப் பார்த்து, அதற்குரிய சர்வீஸ் கையேட்டையும் வயரிங் வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

கை வைப்பதற்கு முன்

இயந்திரத்தைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். மேடை உயர்ந்த நிலையில் சிசர் கைகளுக்கிடையே வேலை செய்ய நேர்ந்தால், பாதுகாப்புத் தாங்கியைச் சரியான இடத்தில் நிறுத்தாமல் ஒரு விரலைக்கூட உள்ளே நீட்டக்கூடாது. இறக்கும் வால்வின் காயிலைத் தொட்டுச் சோதிக்கும் வேலையில் மேடை எதிர்பாராமல் இறங்கிவிடும் வாய்ப்பு எப்போதும் உண்டு.

24 வோல்ட் உடம்பில் அதிர்ச்சி தராது என்பதால் பலர் பேட்டரியை அலட்சியமாகக் கையாள்கிறார்கள். ஆனால் ஸ்பேனர் ஒன்று பாசிட்டிவையும் நெகட்டிவையும் இணைத்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து இரும்பே சிவந்து உருகும். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் அருகில் தீப்பொறி கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம். சார்ஜருக்கு வருவது வீட்டு மின்சாரத்தின் அளவிலான உயர் வோல்ட். பல இயந்திரங்களில் மேடையின் பிளக் பாயின்ட்டுக்காக அதே உயர் வோல்ட் கேபிள் சிசர் கைகளின் வழியே கட்டுப்பாட்டு வயர்களோடு சேர்ந்து மேலே செல்கிறது. எனவே வயர் கற்றையைத் தொடுவதற்கு முன் வெளி மின் இணைப்பைப் பிடுங்கி, அந்தப் பிளக்கைக் கண்முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சாய்வு சென்சார், பள்ளத் தடுப்புத் தகடுகள் இறங்கியதை உணரும் லிமிட் சுவிட்ச், எடை சென்சார் ஆகியவற்றை ஜம்பர் என்ற குறுக்கு வயரால் இணைத்துவிட்டு மேடையை உயர்த்திப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. ஒரு சுவிட்சின் நிலையை உறுதிசெய்ய ஜம்பர் தேவைப்பட்டால், மேடை முழுவதும் இறங்கிய நிலையில், எவரும் மேலே இல்லாதபோது, கையேடு அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் பயன்படுத்தி உடனே அகற்றிவிடுங்கள்.

முதல் படி: குறியையும் தருணத்தையும் எழுதிக்கொள்ளுதல்

இயந்திரம் மக்கர் செய்தவுடன் சாவியை அணைத்துப் போடுவதே பலருடைய முதல் பழக்கம். அதனால் குறி மறைந்துபோகக்கூடும். அணைப்பதற்கு முன் திரையில் உள்ளதை அப்படியே எழுதுங்கள், அல்லது கைபேசியில் படமெடுங்கள். பிறகு இயக்கியவரிடம் கேளுங்கள்: மேடை எந்த உயரத்தில் இருந்தது, ஏறும்போதா இறங்கும்போதா, ஓட்டும்போதா, திருப்பும்போதா, காலையில் முதல் முறை இயக்கியபோதா அல்லது இரண்டு மணி நேரம் ஓடிய பிறகா, அதற்கு முன்பு யாராவது தண்ணீர் அடித்துக் கழுவினார்களா, வெல்டிங் வைத்தார்களா. ‘மேலே ஏறும்போது பாதியில் நின்றது’ என்று ஒருவர் சொல்லும் ஒற்றை வரி, மல்டிமீட்டர் ஒரு மணி நேரத்தில் சொல்வதை விட அதிகம் சொல்லிவிடும். கேபிள் அதிகமாக வளையும் உயரத்தில்தான் அது நின்றிருக்கும்.

அடுத்துச் செய்ய வேண்டியது, இயந்திரத்தை இரண்டாகப் பகுக்கும் எளிய சோதனை. சாவியைத் தரைக் கட்டுப்பாட்டுக்குத் திருப்பி, கீழிருந்தே மேடையை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கீழிருந்து எல்லாம் இயங்கி, மேலிருந்து மட்டும் இயங்காவிட்டால் பேட்டரி, பம்ப் மோட்டார், ஏற்றும் வால்வு ஆகியவற்றின் மீதான சந்தேகம் பெருமளவு நீங்குகிறது. மேடைக் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் அங்கிருந்து கீழே வரும் வயர் கற்றையையும் நோக்கிச் செல்லலாம். இரண்டிலும் இயங்காவிட்டால் பழுது கீழே இருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும், ஆனால் இதைச் செய்யாமலேயே மேடைப் பெட்டியைப் பிரித்துப் போட்டவர்கள் பலர்.

இரண்டாம் படி: பழுதா, தடையா

திரையில் தோன்றும் எல்லாமே பழுதல்ல. பழைய ஜீனி இயந்திரங்களில் ‘எல்எல்’ என்று வந்தால் இயந்திரம் அனுமதித்த சாய்வைத் தாண்டி நிற்கிறது என்று பொருள். ‘ஓஎல்’ என்றால் மேடையில் எடை மிகுந்துவிட்டது. ‘சிஹெச்’ என்றால் சாவி தரைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். ஜேஎல்ஜி இயந்திரங்களில் விளக்கு விட்டுவிட்டு மின்னிக் காட்டும் 2-5 என்ற குறி (இரண்டு மின்னல், சிறு இடைவெளி, ஐந்து மின்னல்), ஓர் இயக்கத்தை ஏதோ ஒரு காரணத்துக்காகத் தடுத்து வைத்திருப்பதைக் காட்டுகிறது. சார்ஜர் செருகியிருக்கும்போது ஓட்ட முயல்வது இதற்கு எளிய காரணம்.

சாய்வுக் குறி வந்தால் சென்சாரைக் குறைகூறுவதற்கு முன் தரையைப் பாருங்கள். ஜிஎஸ்-1930 போன்றவற்றில் பக்கவாட்டில் 1.5 பாகையும் முன்பின்னாக 3 பாகையும்தான் எல்லை. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தளமே 1.5 பாகையைத் தாண்டியிருக்கலாம். ரசமட்டத்தை இயந்திரத்தின் அடிச்சட்டத்தில் குறுக்கே வைத்துப் பார்ப்பது போதும். சட்டம் உண்மையிலேயே மட்டமாக இருந்தும் குறி நீங்காவிட்டால் அப்போது சென்சாரின் பிடிமானத் திருகுகள், கனெக்டர், அளவுதிருத்தம் ஆகியவற்றைச் சோதிக்கலாம். எடைக் குறியும் அப்படியே. மேடையை முழுவதும் காலிசெய்து, இறக்கி, மீண்டும் இயக்கிப் பாருங்கள். காலியாக இருக்கும்போதும் ஓஎல் என்று நின்றால்தான் அது சென்சார் சுற்றின் பிரச்சினை.

மூன்றாம் படி: பேட்டரியும் பெரிய கேபிள்களும்

எந்தக் குறி வந்திருந்தாலும் நான் முதலில் பேட்டரிப் பெட்டியைத்தான் திறப்பேன். தாழ்ந்த வோல்ட் நேரடியாக 68 என்ற குறியாகவும், ஜேஎல்ஜியில் 4-4 என்ற மின்னலாகவும் வெளிப்படலாம். ஆனால் அது வேறு வேடத்தில் வரும்போதுதான் நம்மை அலைக்கழிக்கிறது. பம்ப் மோட்டார் இழுக்கும் கணத்தில் வோல்ட் சரிந்தால் கன்ட்ரோலர் ஒரு நொடி உணர்விழந்து எழும்; மேடைப் பெட்டியோடு பேச்சு அறுந்துவிட்டது என்று தகவல் தொடர்புக் குறி வரும்; பெரிய மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான கான்டாக்டர் படபடவென்று அடித்துக்கொள்ளும்; காயில் குறிகூட வரும். இவை எல்லாவற்றுக்கும் காரணம் கேபிள் முனையில் துருப்பிடித்த ஓர் உலோக வளையமாக, அதாவது லக் ஆக இருக்கும்.

சார்ஜரை நீக்கிச் சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரித் தொகுதியை அளந்தால், முழுச் சார்ஜில் ஏறத்தாழ 25.5 வோல்ட் இருக்க வேண்டும். அதாவது 6 வோல்ட் பேட்டரி ஒவ்வொன்றிலும் சுமார் 6.37. பாதிச் சார்ஜில் மொத்தம் 24.2 அளவுக்கு வந்துவிடும். ஆகவே மீட்டரில் ‘24 இருக்கிறது, போதும்’ என்று நினைப்பது தவறு. ஓய்வில் 24 வோல்ட் என்பது பாதிக்கு மேல் காலியான பேட்டரி. மொத்த வோல்ட்டோடு நின்றுவிடாமல் நான்கையும் தனித்தனியே அளந்து எழுதுங்கள். ஒன்று மட்டும் 4.2 வோல்ட்டுக்கு அருகில் இருந்தால் அதன் மூன்று செல்களில் ஒன்று செத்துவிட்டது. ஹைட்ரோமீட்டர் இருந்தால் செல் செல்லாக அமிலத்தின் அடர்த்தியைப் பாருங்கள்; முழுச் சார்ஜில் 1.27 அளவில் இருக்க வேண்டும், செல்களுக்கிடையே வேறுபாடு பெரிதாக இருக்கக்கூடாது. தகடுகள் வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர் வற்றியிருந்தால், தகடு மூழ்கும்வரை மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிச் சார்ஜ் ஏற்றிய பிறகே உரிய அளவுக்கு நிரப்ப வேண்டும். முதலிலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கி வழியும்.

ஓய்வில் அளப்பது பாதி வேலை. சுமையின்போது அளப்பதே உண்மையைச் சொல்லும். ஒருவர் தரைக் கட்டுப்பாட்டிலிருந்து மேடையை ஏற்ற, மற்றவர் ஒவ்வொரு பேட்டரியின் முனைகளிலும் மீட்டரை வைத்துப் பார்க்கட்டும். நான்கில் ஒன்று மற்றவற்றைவிட அரை வோல்ட் அதிகமாகச் சரிந்தால் அதுவே தளர்ந்த பேட்டரி.

பேட்டரிகள் எல்லாம் நலமாக இருந்தும் கன்ட்ரோலரின் முனையில் வோல்ட் குறைந்தால், இடையில் எங்கோ தொலைகிறது. அதைக் கண்டுபிடிக்க மின்னழுத்த இழப்புச் சோதனை என்ற ஒன்று இருக்கிறது. இதை மட்டும் நன்றாகப் பழகிக்கொண்டாலே பாதிப் பழுதுகள் பிடிபடும் என்பது என் உறுதியான கருத்து. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் காம்பிலும், மறு முனையை அதே கேபிளின் அடுத்த முனையிலுள்ள போல்ட்டிலும் வைத்து, மோட்டார் ஓடும்போது படியுங்கள். இரண்டு புள்ளிகளும் ஒரே கேபிளின் இரு முனைகள் என்பதால் மீட்டர் ஏறக்குறைய சுழியைக் காட்ட வேண்டும். 120 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.02 ஓம் தடை இருந்தால், ஓம் விதிப்படி 2.4 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும்; அதோடு 288 வாட் வெப்பமும் அந்த மூட்டில் உண்டாகும். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவையில் வைத்தால் அந்த 0.02 ஓம் தெரியவே தெரியாது, ‘கேபிள் நன்றாக இருக்கிறது’ என்றே காட்டும். பேட்டரி லக்குகள், பிரித்து மாட்டும் பெரிய கனெக்டர், மெயின் ஃபியூஸின் இரு முனைகள், மூடிய நிலையிலுள்ள கான்டாக்டரின் இரு போல்ட்டுகள், அடுத்து நெகட்டிவ் பக்கத்தின் எல்லா மூட்டுகள் என்று வரிசையாகச் செல்லுங்கள். நெகட்டிவ் பக்கத்தை மறப்பவர்களே அதிகம்.

நான்காம் படி: எமர்ஜென்சி சுவிட்ச், சாவி, ஃபியூஸ்

திரையே எரியாத இயந்திரத்தில் குறியைத் தேட முடியாது. அப்போது வரைபடத்தின்படி பாசிட்டிவ் பயணம் செய்யும் வழியைப் பின்தொடருங்கள்: ஃபியூஸ், தரை எமர்ஜென்சி சுவிட்ச், சாவி, மேடை எமர்ஜென்சி சுவிட்ச், கன்ட்ரோலர். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலேயே வைத்துவிட்டு, சிவப்பு முனையை ஒவ்வோர் இடமாக நகர்த்தினால் வோல்ட் எங்கே மறைகிறதோ அங்கே பழுது. எமர்ஜென்சி பொத்தானின் பின்னாலுள்ள கான்டாக்ட் கட்டை பொத்தானிலிருந்து கழன்று தொங்குவது அடிக்கடி காண்பது. கறுப்பு முனையை அடிச்சட்டத்தில் வைத்து அளக்காதீர்கள். சட்டத்தோடு நெகட்டிவை இணைக்காத இயந்திரங்களும் உண்டு, அங்கே உங்கள் அளவீடு முழுவதும் பிழையாகும். அத்தகைய இயந்திரத்தில் சட்டத்துக்கும் பேட்டரி முனைக்கும் இடையே நிலையான வோல்ட் தென்பட்டால், எங்கோ ஒரு வயர் உறை உரிந்து இரும்பைத் தொடுகிறது.

ஐந்தாம் படி: குறியின் குடும்பத்தைப் பார்த்து உள்ளே நுழைதல்

இயக்கத் தொடங்கும்போதே வரும் சுவிட்ச் குறிகள் எளியவை. சாவியைத் திருப்பும் கணத்தில் கன்ட்ரோலர் எல்லாச் சுவிட்சுகளும் விடுபட்ட நிலையில் இருக்கின்றனவா என்று பார்க்கும். ஜாய்ஸ்டிக் நடுநிலையில் இல்லாவிட்டால் 47, திருப்பும் பொத்தான்கள் அழுந்தியிருந்தால் 42 அல்லது 43, ஓட்ட அனுமதிச் சுவிட்ச் அழுந்தியிருந்தால் 46 என்று பழைய ஜீனியில் காட்டும். பெரும்பாலும் இயக்குபவர் லிவரைப் பிடித்தபடியே சாவியைப் போட்டிருப்பார். கையை எடுத்துவிட்டு மீண்டும் இயக்கினால் போய்விடும். போகாவிட்டால் பெட்டியைத் திறந்து தண்ணீர், சிமென்ட் தூசி, பெயின்ட் பூச்சு ஆகியவை சுவிட்சைச் சிக்கவைத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

மேடைப் பெட்டிக்கும் கீழ்க் கன்ட்ரோலருக்கும் இடையிலான தகவல் தொடர்பு அறுந்தால் ஜீனியில் 02, ஜேஎல்ஜியில் 6-6 என்ற மின்னல், திரையுள்ள ஜேஎல்ஜியில் மேடை மாட்யூலுக்கு 662 என்று வரும். இதில் முதல் குற்றவாளி சிசர் கைகளின் வழியே ஏறிச்செல்லும் வயர் கற்றை. ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அது ஒரே இடங்களில் வளைந்து நிமிர்கிறது. வெளியுறை புதிது போலத் தெரிய, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக முறிந்திருக்கும். மேடைப் பெட்டியைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து, சோதனைக்கான குட்டைக் கேபிளால் நேரடியாகக் கன்ட்ரோலரோடு இணைத்துப் பாருங்கள். குறி மறைந்தால் கற்றையே காரணம், பெட்டி தப்பித்தது.

கேன் (CAN) என்ற இரு வயர்த் தகவல் தொடர்பு முறையில் பேசும் இயந்திரங்களில் ஓர் அருமையான அளவீடு உண்டு. மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டு கேன்-ஹை, கேன்-லோ ஆகிய இரு வயர்களுக்கிடையே ஓம் அளந்தால் 60 வர வேண்டும். தடத்தின் இரு கோடிகளிலும் உள்ள 120 ஓம் தடையங்கள் இணையாக நின்று தரும் மதிப்பு அது. 120 வந்தால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. சுழிக்கு அருகில் வந்தால் இரு வயர்களும் எங்கோ ஒட்டிக்கொண்டன. மின்சாரம் இருக்கும்போது ஒவ்வொரு வயரிலும் நெகட்டிவுக்கு எதிராக 2.5 வோல்ட்டை ஒட்டிய மதிப்பு, ஹையில் சற்று மேலேயும் லோவில் சற்றுக் கீழேயும் தெரியும்.

காயில் குறிகள்தான் அதிகம் வருபவை, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுபவையும் அவையே. பழைய ஜீனி பட்டியலில் 54 ஏற்றும் வால்வு, 55 இறக்கும் வால்வு, 56, 57 திருப்பும் வால்வுகள், 58 பிரேக் விடுவிக்கும் வால்வு. முதலில் கனெக்டரைக் கழற்றி காயிலின் தடையை அளந்து கையேட்டு மதிப்போடு ஒப்பிடுங்கள். கையேடு உடனே கிடைக்காவிட்டால், அதே வால்வு பிளாக்கில் உள்ள அதே வகை காயில்களை அளந்து ஒப்பிட்டாலும் போதும். 24 வோல்ட்டில் ஓர் ஆம்பியர் இழுக்கும் காயிலின் தடை 24 ஓம் அளவில் இருக்கும் என்பது கணக்கிலேயே தெரியும். முடிவிலி காட்டினால் உள்ளே அறுந்துவிட்டது. மிகக் குறைவாகக் காட்டினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. குளிர்ந்த நிலையில் சரியாக இருக்கும் காயில் சூடானதும் அறுவதும் உண்டு. அரை மணி நேரம் இயக்கிய பிறகு மீண்டும் அளப்பது அதற்காகத்தான்.

தடை சரியாக இருந்தால் காயில்களை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: வயர் கனெக்டர்களை மாற்றிச் செருகாதீர்கள். திருப்பும் பொத்தானை அழுத்தினால் மேடை ஏறத் தொடங்கும் நிலை அதனால் உண்டாகும். வால்வின் தண்டிலிருந்து காயிலையே உருவி, ஒரே வகையான இன்னொரு வால்வின் காயிலோடு இடம் மாற்றி, அந்தந்த வால்வின் வயரை அந்தந்த வால்விலேயே செருகுங்கள். குறி காயிலோடு சேர்ந்து இடம் மாறினால் காயில் பழுது. பழைய எண்ணே நீடித்தால் காயில் நிரபராதி. வயரையோ கனெக்டரையோ தேட வேண்டும்.

வயரைச் சோதிக்கும்போது வெறும் மல்டிமீட்டரை நம்பி ஏமாறக்கூடாது. பத்தொன்பது இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் முழு 24 வோல்ட்டையும் காட்டும், ஏனெனில் மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகச் சிறிது. சப்ளை வயர்களில் 24 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றைச் சுமையாக இணைத்தால் உண்மை தெரிந்துவிடும். அது ஏறத்தாழ 0.9 ஆம்பியர் இழுக்கும். ஆனால் கன்ட்ரோலரின் வெளியீட்டில் அந்தப் பல்பை இணைக்காதீர்கள். குளிர்ந்த பல்பின் இழை முதல் கணத்தில் பன்மடங்கு மின்னோட்டம் இழுப்பதால் கன்ட்ரோலர் அதை ஷார்ட் என்று கருதும். அங்கே நல்லதென்று உறுதியான ஒரு காயிலையே சுமையாக வைத்து, அதன் முனைகளில் வோல்ட்டை அளப்பதுதான் முறை.

இறக்கும் வால்வு பல இயந்திரங்களில் ஏற்றும் சிலிண்டரின் மீதே பொருத்தப்பட்டிருக்கும். அதன் வயர் நகரும் பகுதியைக் கடந்து செல்வதால் 55 என்ற குறிக்கு நான் காயிலுக்கு முன்பே அந்த வயரைத்தான் பார்ப்பேன். மேடை மேலேயே சிக்கிக்கொண்டால் அவசர இறக்குக் கைப்பிடியைப் பயன்படுத்தி முதலில் ஆளைக் கீழே கொண்டுவர வேண்டும். சோதனை எல்லாம் அதற்குப் பிறகு.

பள்ளத் தடுப்பு பற்றிய குறி, பழைய ஜீனியில் 18, பெரும்பாலும் இயந்திரவியல் சார்ந்தது. மேடை உயரும்போது அடியில் இறங்க வேண்டிய தகடுகள் கல், கம்பித் துண்டு, உறைந்த கான்கிரீட் ஆகியவற்றில் மாட்டிக்கொள்ளும், அல்லது வளைந்த தகடு லிமிட் சுவிட்சின் கையைத் தொடாமல் நிற்கும். சுத்தம் செய்து, தகடு தடையின்றி இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே சுவிட்சின் கான்டாக்ட்டை மீட்டரால் சோதியுங்கள். மோட்டார் கன்ட்ரோலர் குறி 60, ஜேஎல்ஜியில் மின் மோட்டாருக்கான 7-7 ஆகியவற்றுக்கு, கார்பன் பிரஷ்ஷின் தேய்மானத்தையும் பெரிய கேபிள் போல்ட்டுகளின் இறுக்கத்தையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் கன்ட்ரோலர் சூடாகி நின்றதா என்று ஆறவிட்டுச் சோதிக்கலாம்.

வந்து வந்து போகும் பழுது

நிலையாக நிற்கும் பழுதைப் பிடிப்பது எளிது. தொல்லை தருவது, மெக்கானிக் வந்ததும் ஒளிந்துகொள்ளும் பழுது. இதற்கு ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகச் சொல்கிறேன். மேடை ஏறும்போது நடு உயரத்தில் 02 வருகிறது; அணைத்துப் போட்டால் மறைகிறது; கீழே நிறுத்திச் சோதித்தால் எல்லாம் சரி. பேட்டரி சுமையிலும் நன்றாக நிற்கிறது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே உயரம் என்பதுதான் இங்கே துப்பு. மேடையைப் பாதுகாப்புத் தாங்கி நிறுத்தக்கூடிய உயரத்துக்கு ஏற்றித் தாங்கியை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, கற்றையின் இரு முனைக் கனெக்டர்களையும் கழற்ற வேண்டும். மறுமுனையில் இரண்டு வயர்களை ஒன்றாகப் பிணைத்து, இம்முனையில் அவற்றுக்கிடையே ஓம் மீட்டரை மாட்டி, குறைந்த, மிகுந்த மதிப்புகளைப் பதிவுசெய்யும் நிலையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு கீல் முனையிலும் கற்றையைக் கையால் வளைத்து, முறுக்கி, இழுத்துப் பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் மதிப்பு துள்ளும். அந்த இடத்தில் வயரை இரு விரல்களுக்கிடையே நீட்டினால், இழைகள் முறிந்த பகுதி மட்டும் ரப்பரைப் போல மெல்லியதாகி நீளும்.

அந்த இடத்தை வெட்டி ஒட்டுப்போடுவது தற்காலிகமாகக்கூட எனக்கு ஒப்பில்லை. வளையும் பகுதியிலுள்ள ஒட்டு சில வாரங்களில் அதற்கு அருகிலேயே முறியும்; மேலும் ஒரு வயர் முறிந்த கற்றையில் மற்றவையும் அதே வயதுடையவை. கற்றையை முழுவதும் மாற்றி, பழைய கிளிப்புகள் இருந்த இடங்களிலேயே, போதிய தளர்வோடு புதியதைக் கட்ட வேண்டும். வேறெங்காவது கட்டினால் சிசர் கைகள் அதை நறுக்கிவிடும்.

தண்ணீர் அடித்துக் கழுவிய மறுநாள் தோன்றும் குறிகளுக்குக் கனெக்டர்களைப் பிரித்து, பச்சை படிந்த பின்களைத் தேடுங்கள். காற்றால் ஊதி உலர்த்திக் கான்டாக்ட் கிளீனரால் துடைத்து, ரப்பர் சீல் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். பின்களுக்குள் மல்டிமீட்டரின் தடித்த முனையைத் திணித்தால் அவை அகன்று, நீங்களே புதிய பழுதை உண்டாக்கிவிடுவீர்கள். கனெக்டரின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசி முனையால் தொடுவதே சரி.

கன்ட்ரோலரைச் சந்தேகிக்கும் நேரம்

கன்ட்ரோலர் கடைசியில் வர வேண்டியது. அதன் பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளில் சுமையின்போதும் முழு வோல்ட் இருக்கிறது, உள்ளீட்டுச் சுவிட்சுகள் சரியாக வந்து சேர்கின்றன, வெளியீட்டுச் சுற்று காயில்வரை முழுமையாக இருக்கிறது, நல்ல காயிலைச் சுமையாக வைத்தும் வெளியீடு வரவில்லை என்ற நான்கும் எழுத்தில் இருந்தால் மட்டுமே அதை மாற்றச் சொல்வேன். மாற்றிய பிறகு மாடலுக்குரிய அமைப்புகளைக் கையேட்டின்படி உள்ளிட வேண்டும். பழைய ஜீனியில் சிறு சுவிட்சுகளின் அமைப்பு பொருந்தாவிட்டால் 03 என்ற குறி வரும். புதிய கன்ட்ரோலரும் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். சாய்வு சென்சாரையோ எடை சென்சாரையோ மாற்றினால் அளவுதிருத்தம் செய்யாமல் இயந்திரத்தை விடக்கூடாது. எடைக்கு உண்மையான சோதனை எடைகள் தேவை. அடிச்சட்டத்தில் வெல்டிங் வைக்க நேர்ந்தால் பேட்டரியையும் கன்ட்ரோலர் கனெக்டர்களையும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள்.

வேலைக்குத் திருப்பி அனுப்புவதற்கு முன்

காலி மேடையோடு, முதலில் தரைக் கட்டுப்பாட்டிலிருந்து முழு உயரத்துக்கு ஏற்றி இறக்குங்கள். குறி வந்த அதே உயரத்தில் பத்து முறையாவது ஏற்றி இறக்கிப் பார்ப்பது நல்லது. அடுத்து மேடைக் கட்டுப்பாட்டிலிருந்து எல்லா இயக்கங்களும், இரு எமர்ஜென்சி பொத்தான்களும், சாய்வு எச்சரிக்கையும், பள்ளத் தடுப்பும், உயர்ந்த நிலையில் ஓட்டும் வேகம் குறைகிறதா என்பதும், இறுதியாக அவசர இறக்குக் கைப்பிடியும். சோதனைக்காக மாட்டிய ஜம்பர்களை எண்ணிப் பாருங்கள். எத்தனை மாட்டினீர்களோ அத்தனையும் கருவிப்பெட்டிக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

பதிவேட்டில் ‘54 வந்தது, சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினால் அடுத்து வருபவருக்கு எதுவும் தெரியாது. தேதி, வரிசை எண், இயந்திரம் ஓடிய மணிக்கணக்கு, குறி, அது வந்த சூழல், ஓய்விலும் சுமையிலும் நான்கு பேட்டரிகளின் வோல்ட், காயிலின் ஓம், பழுது இருந்த துல்லியமான இடம், மாற்றிய பொருள் ஆகியவற்றை எழுதுங்கள். ‘ஏற்றும் வால்வு காயில் கனெக்டர், இரண்டாம் பின் தளர்வு, பின் மாற்றப்பட்டது, காயில் பழையதே’ என்று ஒரு வரி இருந்தால், ஆறு மாதம் கழித்து அதே எண் வரும்போது அடுத்தவர் அந்தப் பின்னிலிருந்தே தொடங்குவார்.